பேர் சொல்லும் நேரம்

பிரசாந்தன் அண்ணா நசீறா அக்காவின் வாயை அடைத்தார். கையால் இல்லை, சுட்டுவிரல் நுனியால். ரொறன்ரோவில் அவர் ஒரு பொத்தானை அழுத்த, எருக்கலம்பிட்டியில் ஒரு பெண்ணின் குரல் நின்றுபோனது. பிறகு அதை என்னிடம் 'தொழில்நுட்ப முடிவு' என்று சொன்னார். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வருகிறது.

நான் ஜெஸ்லியா. தாழ்வுபாட்டில் வீடு, மன்னார் ரவுணில் கடை. போட்டோக் கொப்பி, போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று சில்லறை வேலைகள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒருகாலத்தில் ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தேன். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தை எங்கே போகும் என்று ஒரு சிறுமி கேட்டாள். "கைக்குழந்தையை வாசலில நிப்பாட்டி வைக்கிற கடவுள் எண்டால் அவரோட எனக்குக் கதை இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் வகுப்பை விட்டு இறங்கி ஊரைச் சுற்றி வந்தது. யாராவது வந்து நிறுத்துவதற்கு முன் நானே விலகிக்கொண்டேன்.

என்னைப் போல விலகி நின்றவர்களைச் சேர்த்துத்தான் பிரசாந்தன் அண்ணா சூமில் இந்தச் சபையைத் தொடங்கினார். கொரோனாக் காலம், கோயிலும் பள்ளிவாசலும் பூட்டிக் கிடந்தன. அவர் தோட்டவெளியில் பிறந்து, சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போனவர். சபைக்குத் 'திறந்த சபை' என்று பெயர் வைத்தார்.

"அண்ணா, இஞ்ச சபை எண்டால் கை தட்டிப் பேய் ஓட்டி ஆள் பிடிக்கிற கூட்டம் எண்டுதான் நினைப்பினம்" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் நான் சூம் சபைக்காரி. மீன் வாங்கப் போனால், "உங்கட சபையில ஞானஸ்நானம் எப்பிடிப் பிள்ளை, போனைத் தண்ணிக்குள்ள முக்கி எடுக்கிறதோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

நாங்கள் யாரையும் எதிலும் முக்கவில்லை. யாரும் வரலாம், எந்தச் சாமியையும் கொண்டுவரலாம், சாமி இல்லாமலும் வரலாம், காணிக்கை கிடையாது. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் இணைவோம். ஒரு வாசிப்பு, கொஞ்சம் மௌனம், பிரசாந்தன் அண்ணாவின் ஜெபம். கடைசியில் 'பேர் சொல்லும் நேரம்'. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்தார்கள். செத்துப்போனவர் ஒருவரின் பேரைச் சொல்ல வேண்டும், எப்படிப் போனார் என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்வோம். ஒவ்வொருவருடைய சிக்னலும் ஒவ்வொரு வேகம். அதனால் பேர் ஒன்றாக வராது, முன்னும் பின்னுமாக உருண்டு உருண்டு வரும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

இதற்கு விதி எழுதினவரும் பிரசாந்தன் அண்ணாதான். 'உண்மையைச் சொல்லுங்கள், எதையும் மறைக்க வேண்டாம்.' அவரே ஒவ்வொரு கிழமையும் தொடங்குவார். "என்ர அண்ணா அருள்சீலன். ஆமி சுட்டது." நாங்கள் "அருள்சீலன்" என்போம். தாழ்வுபாட்டு எடித் அன்ரி, "என்ர மகன் அனோஜன். இயக்கத்துக்குப் போய் முள்ளிவாய்க்காலில முடிஞ்சவன்" என்பார். "அனோஜன்" என்போம். ஒருவரும் இதை அரசியல் என்று சொல்லவில்லை.

நசீறா அக்கா என் கடைக்கு அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர். சுவரில் நான் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்துவிட்டு, "எல்லாரும் எண்டா எல்லாருமா?" என்று கேட்டார். "ஓம், எல்லாரும்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் வந்தார். கமராவைத் திறக்க மாட்டார், பேரும் சொல்ல மாட்டார், மற்றவர்களின் பேர்களை மட்டும் திருப்பிச் சொல்வார். எப்போதும் பதினைந்து இருபது நிமிடம் பிந்தித்தான் வருவார். பிரசாந்தன் அண்ணா தன் தேன் குழைத்த குரலில், "சகோதரி, நேரத்துக்கு வரப் பாருங்கோ" என்று சொல்வார். ஆறு மணி மஃரிப் தொழுகை நேரம். எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பீற்றிக்கொண்ட எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

போன ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, நசீறா அக்கா முதல்தடவையாகக் கமராவைத் திறந்தார். பின்னால் கட்டிலில் அவருடைய உம்மா வெள்ளைச் சேலையைத் தலையில் இழுத்துப் போட்டபடி இருந்தார். "இண்டைக்கு நான் சொல்றன்" என்றார் நசீறா அக்கா. எனக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை.

"எனக்குச் சொல்லப் பேர் இல்ல. தொண்ணூறில எனக்குத் தம்பி ஒண்டு பிறந்தான். ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைக்க வாப்பா எல்லாம் ஏற்பாடு செஞ்சிருந்தார். அதுக்கு முதல் ஊர விட்டுப் போங்க எண்டு ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு வந்துட்டாங்க. அண்ணன் இப்ப ஜெபத்தில இடம்பெயர்ந்த மக்கள் எண்டு சொன்னீங்க. நாங்க இடம்பெயரல்ல அண்ணன். எங்கள துரத்தினாங்க. பெடியள் வந்து…"

அவ்வளவுதான் கேட்டது. பெடியள் என்றால் இயக்கம், புலிகள்; அந்த ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் தவணை குறித்து ஊரை விட்டுப் போகச் சொன்னது அவர்கள்தான். வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. முதலில் சிக்னல் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவருடைய மைக்கில் சிவப்புக் கோடு. மைக்கைத் திறக்கும்படி சூம் அரட்டையில் எழுதினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, மடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, உங்கட சத்தம் வரேல்லை!" என்று கத்தினேன். அதற்குள் என்னையும் அடைத்துவிட்டார்கள். எல்லாரையும் அடைத்துவிட்டார்கள். நான் என் குசினிக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

நசீறா அக்கா சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார். உம்மாவும் கட்டிலில் இருந்து முன்னால் சரிந்து போனைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிரசாந்தன் அண்ணாவின் குரல் மட்டும் வந்தது. "நன்றி சகோதரி. இப்ப மௌனமாய் ஜெபிப்பம்." நசீறா அக்காவின் கட்டம் திரையிலிருந்து மறைந்தது.

கூட்டம் முடிந்த கையோடு பிரசாந்தன் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் மியூட் பண்ணினனீங்கள்?"

"ஜெஸ்லியா, கொஞ்சம் ஆறுதலா யோசியும். அது ஒரு தொழில்நுட்ப முடிவு. கதை வேற பக்கம் போகத் தொடங்கீற்றுது."

"எந்தப் பக்கம்? உண்மைப் பக்கமோ?"

"இது காயம் ஆத்துற இடம், கிண்டுற இடமில்லை. எடித் அன்ரியை யோசிச்சுப் பார்த்தனீரோ? அவவின்ர பிள்ளை இயக்கத்தில செத்தவன். அவவுக்கு முன்னால இதெல்லாம் கதைக்கலாமோ? இடம்பெயர்ந்தது எண்டு சொன்னால் எல்லாரையும் சேர்க்கும். நாங்களும்தானே இடம்பெயர்ந்தனாங்கள்."

"உங்கட அண்ணாவை ஆமி சுட்டதெண்டு கிழமைக்குக் கிழமை சொல்லுறீங்கள். அண்ணா தவறிப்போனார் எண்டு பூசி மெழுகச் சொல்லி நாங்கள் ஆரும் கேட்டனாங்களோ?"

"அது வேற."

"என்ன வேற? உங்கட காயத்துக்கு வாய் இருக்கு, அவவின்ர காயத்துக்கு மட்டும் பிளாஸ்ரரோ?"

அவர் பெருமூச்சு விட்டார். "உமக்கு இந்தக் கோபம்தான் பிரச்சினை" என்றார். போனை வைத்துவிட்டேன். ஆம், என் கோபம்தான் பிரச்சினை. எந்த வீட்டிலும், எந்தக் கோயிலிலும், எந்தச் சபையிலும் கோபப்பட்டவள்தான் பிரச்சினை. கோபப்பட வைத்தவனின் குரல் தேனாக இருந்தால் போதும்.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் எருக்கலம்பிட்டிக்குப் போனேன். நசீறா அக்கா கேற்றைப் பாதிதான் திறந்தார். ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

"தேத்தண்ணி போடேல்லையோ அக்கா?" என்றேன், அசட்டுத்தனமாக.

"எதுக்கு வந்த நீங்க? அவ்வளவு பேர் இருந்தீங்க. ஒருத்தர் வாய் திறக்கல. வாயில என்ன கொழுக்கட்டையா எல்லாருக்கும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன்னை அடைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தான் சொன்ன அத்தனையையும் நாங்கள் கேட்டோம், கேட்டுவிட்டுக் கல்லுப்போல் இருந்தோம் என்றே நினைத்திருக்கிறார்.

"அக்கா, எங்களுக்குக் கேக்கேல்லை. துரத்தினாங்க எண்டு சொன்ன இடத்தில உங்கட மைக்கை அவர் மூடிப்போட்டார்."

ஆறுதலடைவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் கறுத்தது.

"அப்ப நான் ஆருக்குச் சொன்னன்?" என்று கேட்டார். "சொல்லுங்க தங்கச்சி, ஆருக்குச் சொன்னன்? முப்பத்துச் சொச்சம் வருஷம் இந்த வீட்டுல அந்தப் புள்ளையப் பத்தி ஒரு பேச்சு இல்ல. நேத்துத்தான் வாய் திறந்தன். உம்மா பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டா. முடிஞ்சதும் 'அவங்க என்ன சொன்னாங்க?' எண்டு கேட்டா. 'ஒண்டும் சொல்லல உம்மா' எண்டன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவதான். ராவுக்கும் சாப்பிடல, காலையிலயும் சாப்பிடல."

எனக்குப் பிரசாந்தன் அண்ணாவின் கழுத்தைத் திருக வேண்டும்போல் இருந்தது. இடையில் ஒரு கடல் இல்லை, பல கடல்கள் கிடந்தன. அதனால் தப்பினார்.

"நான் வேற லிங்க் போடுறன் அக்கா. அவற்ற கணக்கில இல்லை, என்ர கணக்கில. ஒருத்தரும் உங்களை அடைக்கேலாது. இன்னொரு தரம் சொல்லுவீங்களோ?"

"மாட்டன். உங்கட சபையும் வேணாம், உங்கட பேரும் வேணாம். ஒரு தரம் சொல்லவே உசிர் போயிட்டு."

கேற்றை மூடப் போனார். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் தடுமாறவில்லை.

"நசீறா, அந்தப் புள்ளைய உள்ள வரச் சொல்லு. நான் சொல்றன்."

சனிக்கிழமை, மஃரிப் முடிந்து ஆறரைக்கு என்று நேரம் வைத்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'போன ஞாயிறு நசீறா அக்கா சொன்னதை உங்களுக்குக் கேட்க விடவில்லை. மைக்கை மூடியது சிக்னல் இல்லை, ஆள். கேட்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.' பிரசாந்தன் அண்ணா உடனே, 'இது சபையைப் பிளக்கும்' என்று பதில் போட்டார். பிளக்கட்டும் என்று எழுதினேன். எடித் அன்ரிக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன், அவருடைய பேரைச் சொல்லித்தான் இது நடந்தது என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சனிக்கிழமை வாறன்" என்றார்.

என்னுடையது இலவசக் கணக்கு. நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். சனிக்கிழமை முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். பிரசாந்தன் அண்ணாவும் வந்தார், கமரா திறந்து, மைக் மூடி, உதட்டைக் கடித்தபடி. நான் யாருடைய மைக்கையும் அடைக்காமல் விட்டேன். "வாசிப்பு இல்லை, ஜெபம் இல்லை. நேரே பேர் சொல்லும் நேரம்" என்றேன்.

நசீறா அக்கா போனை நிமிர்த்திப் பிடித்தார். அவருடைய கணவர் பைசர் நானா லைற்றைப் போட்டார். உம்மா கதிரையில் இருந்தார்.

"என்ட மகள் சொல்லித்தான் முடிச்சா. உங்களுக்குக் கேக்கலயாம்" என்று தொடங்கினார். "நான் பெத்தது ஆம்பிளப் புள்ள. பச்சை உடம்போட கடக்கரையில படகுக்கு நிண்டன். எங்கட கழுத்துல கையில கிடந்ததெல்லாம் கழட்டி வாங்கினாங்க. புள்ளைக்குச் சுத்தின துணியையும் அவிழ்த்துப் பாத்தாங்க, நகை ஒளிச்சிருக்கா எண்டு. கடல் காத்து, புள்ளைக்கு மேல துணி இல்ல. கற்பிட்டிக்குப் போய்ச் சேரக்குள்ள மூச்சு இல்ல. மௌத்தான புள்ளைக்கும் பேர் வைக்கலாம் எண்டு பள்ளி லெப்பை சொன்னார். நான் மாட்டன் எண்டன். என்ட புள்ளைக்கு எருக்கலம்பிட்டியில வச்சுத்தான் பேர் வைப்பன் எண்டன். ரெண்டு மூணு நாள்ல வந்துடலாம் எண்டுதானே நினைச்சம். பேர் இல்லாமத்தான் அடக்கினம். அவன்ட வாப்பாவும் அகதியா இருந்த புத்தளத்துலயே மௌத்தாயிட்டார். எங்கள துரத்தினாங்க. அதத்தான் என்ட மகள் சொன்னா."

திருப்பிச் சொல்ல ஒரு பேர் இல்லை. எங்கள் வழக்கமே பேரைப் பிடித்துத் தொங்குகிற வழக்கம், பேர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடியும் அதே மௌனம் வந்து உட்காரப் போகிறது என்று பயந்தேன்.

எடித் அன்ரி தொண்டையைச் செருமினார். "அக்கா, துரத்தினாங்க எண்டு சொல்லாதேங்கோ."

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. இவருமா என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் அப்பிடிச் சொன்னால் அது ஆரோ செய்தது மாதிரிக் கிடக்கு. நாங்கள்தான் அதைத் திருப்பிச் சொல்லவேணும். நான் அப்ப ரவுண் பக்கம் இருந்தனான். ஒலிபெருக்கி எங்கட ஒழுங்கையாலயும் போனது. என்ர அனோஜன் அப்ப தவழுற பிள்ளை. அவன் பயந்து அழுதிடுவான் எண்டு யன்னலைச் சாத்தினன். மூட்டை முடிச்சோட சனம் போறது சத்தத்தில தெரிஞ்சது. திறக்கேல்லை. ஒரு போத்தல் தண்ணி குடுக்கேல்லை." அதோடு விடவில்லை. "பிரசாந்தன் தம்பி, என்ர பிள்ளையை நினைச்சுத்தான் அந்த மைக்கை மூடினதாம் எண்டு கேள்விப்பட்டன். என்னைக் கேட்டனீங்களோ? என்ர பிள்ளையின்ர பேரால இனி ஒருத்தற்ற வாயையும் பொத்தாதேங்கோ. செத்தவனுக்கு அந்தப் பாவத்தையும் சுமத்தாதேங்கோ."

பிறகு உம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, உங்கட பிள்ளைக்குப் பேர் வைக்க முதல் துரத்தினம்."

துரத்தினாங்க இல்லை, துரத்தினம். கடைசி எழுத்துகள்தான் மாறின. அவர்கள் என்பது நாங்கள் என்று ஆனது.

"துரத்தினம்" என்று நான் சொன்னேன். பிறகு இன்னொரு குரல், இன்னொரு குரல், வழக்கம்போல முன்னும் பின்னுமாக. "நான் அப்ப பிறக்கவே இல்லை, நான் ஏன் சொல்லவேணும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டு வெளியேறினார். அவரைத் தொடர்ந்து இருவர் போனார்கள். பெருநிலப் பக்கம் வயல் செய்கிற நிரூபன், "நானும் பிறக்கேல்லைதான். ஆனா எங்கட வீட்டு முன்கதவு அந்தச் சனம் விட்டிட்டுப் போன வீடுகளில கழட்டினது எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் அதைத் திறந்து பூட்டித்தான் வளந்தனான்" என்றான். அவனும் "துரத்தினம்" என்றான்.

உம்மா எல்லாரையும் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த மனிசன் ஏன் பேசல்ல? பேச்சு வராதா?"

"வரும் உம்மா" என்றார் நசீறா அக்கா. "அவர்தான் அண்டைக்கு என்ட வாய அடைச்சவர். இண்டைக்குத் தன்ட வாய அடைச்சு வச்சிருக்கார்."

பிரசாந்தன் அண்ணாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. அந்த நேரம் பார்த்து நாற்பது நிமிடம் முடிந்தது. திரை பொசுக்கென்று கறுத்தது. வாயில் வந்த தூசணம் எல்லாவற்றையும் அந்தக் கொம்பனிக்குச் சொல்லிக்கொண்டே புது லிங்க் போட்டேன். யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது உம்மாவின் கட்டம். பிறகு எடித் அன்ரி, நிரூபன், மற்றவர்கள். கடைசியாகப் பிரசாந்தன் அண்ணா. மைக்கில் அதே சிவப்புக் கோடு.

நேரம் ஓடியது. அவர் சொல்லமாட்டார் என்றே எனக்குப் பட்டது. உம்மா அந்த வயதில் எவ்வளவு நேரம் இருப்பார்? "உம்மாவுக்குக் களைப்பாயிருக்கும் அக்கா. இதுவும் கொஞ்சத்தில அறுந்துபோகும். இண்டைக்குக் காணும்" என்றேன்.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுந்தாத் திரும்பப் போடுங்க. அண்டைக்குத்தான் ஊர விட்டுப் போக எங்களுக்கு நேரம் குறிச்சுத் தந்தாங்க. இண்டைக்கு எங்களுக்கு அவசரம் இல்ல" என்றார். கதிரையைப் போனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லட்டும். இருக்கிறம்."